ஆணி மூழ்குகிறது, கப்பல் மிதக்கிறது: ஏன்?

கேள்வி இதுதான்: “ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், கனமான பொருள் மூழ்கும், லேசான பொருள் மிதக்கும் என்று எழுதி மதிப்பெண்ணை விட்டுவிட்டாள். அடர்த்தி என்றுதான் எழுத வேண்டுமாம். அப்படியானால் ஆணியும் இரும்பு, கப்பலும் இரும்பு, இரண்டுக்கும் அடர்த்தி ஒன்றுதானே, ஆணி மட்டும் ஏன் மூழ்குகிறது என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.”

உங்கள் மகள் கேட்டது அருமையான கேள்வி. அடர்த்தி என்ற சொல்லை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கிவிடும் பிள்ளைகள் பலர் இந்தக் கேள்விக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. அந்தச் சொல் ஒரு தீர்ப்பு மாதிரி. தீர்ப்பு சரிதான், ஆனால் வழக்கு என்ன என்று தெரியாமல் தீர்ப்பை மட்டும் படித்தால் எதுவும் விளங்காது. அதனால் அடர்த்தியைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, தண்ணீர் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு வாளி நிறையத் தண்ணீர் எடுத்து, மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் பாட்டிலை உங்கள் மகள் கையாலேயே அதற்குள் அமுக்கச் சொல்லுங்கள். முதலில் சுலபமாகப் போகும். பாதி உள்ளே போனதும் கை தடுமாற ஆரம்பிக்கும். முழுக்க அமுக்கிப் பிடிக்க நல்ல பலம் வேண்டும். ஒரு லிட்டர் பாட்டில் என்றால் தண்ணீர் அதைக் கிட்டத்தட்ட ஒரு கிலோ எடைக்குச் சமமான விசையோடு மேலே தள்ளிக்கொண்டிருக்கும். கையை எடுத்தால் குபுக்கென்று எம்பி வரும். இந்தத் தள்ளலைத்தான் மிதப்பு விசை என்கிறோம். மூழ்கும் பொருளையும் தண்ணீர் இப்படித்தான் தள்ளுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கல்லையும் தள்ளுகிறது, ஆணியையும் தள்ளுகிறது. அங்கே அந்தத் தள்ளல் போதவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தள்ளல் எங்கிருந்து வருகிறது? ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கூடும் என்ற ஒரே காரணம்தான். பக்கத்துக்குப் பக்கம் 10 செ.மீ. உள்ள ஒரு கனச்சதுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் முகம் நீர்மட்டத்திலிருந்து 10 செ.மீ. கீழே இருக்கிறது. அந்த முகத்தின் மேல் நிற்கும் தண்ணீர் சரியாக ஒரு லிட்டர், அதாவது ஒரு கிலோ. அந்த எடை முகத்தைக் கீழே அழுத்துகிறது. கனச்சதுரத்தின் அடி முகம் 20 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது. அங்கே நீர் மேல்நோக்கி 2 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. மேலிருந்து 1, கீழிருந்து 2. மிச்சம் 1 கிலோ, மேல்நோக்கி. இதே கனச்சதுரத்தை ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோங்கள். மேலிருந்து 10 கிலோ, கீழிருந்து 11 கிலோ. மிச்சம் அதே 1 கிலோதான்.

இந்தக் கணக்கில் கனச்சதுரம் எதனால் ஆனது என்ற பேச்சே வரவில்லை என்பதைப் பாருங்கள். இரும்பா, மரமா, உள்ளே வெறும் காற்றா என்று தண்ணீருக்குத் தெரியாது. தன்னிடமிருந்து எவ்வளவு இடம் பறிபோனது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். பறிபோன இடத்தில் எவ்வளவு தண்ணீர் இருந்திருக்குமோ, அந்தத் தண்ணீரின் எடைக்குச் சமமாகத் தள்ளும். ஏறக்குறைய 2,200 ஆண்டுகளுக்கு முன் ஆர்க்கிமிடீஸ் எழுதி வைத்த விதி இதுதான்.

இன்னொரு வழியிலும் இதைப் புரிந்துகொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்த வழி இது. அசையாமல் நிற்கும் ஒரு குளத்தின் நடுவில், ஒரு பானை அளவு நீரை மட்டும் மனதுக்குள் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். அந்த நீருக்கும் எடை உண்டு, அது கீழே விழப் பார்க்கிறது. ஆனாலும் விழாமல் அங்கேயே நிற்கிறது. அப்படியானால் சுற்றியுள்ள நீர் அதைத் துல்லியமாக அதன் எடைக்குச் சமமாகத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். இப்போது அந்த நீரை எடுத்துவிட்டு, அதே வடிவத்தில் வேறு எதையாவது அங்கே வையுங்கள். சுற்றியுள்ள நீருக்கு ஒன்றும் மாறவில்லை. அதே தாங்கலைத்தான் கொடுக்கும். வந்த பொருள், வெளியேறிய நீரைவிடக் கனமாக இருந்தால் தாங்கல் போதாது, கீழே போகும். லேசாக இருந்தால் தாங்கல் மிஞ்சும், மேலே வரும்.

எனவே எந்தப் பொருளிடமும் “நீ எவ்வளவு கனம்?” என்று கேட்டுப் பயனில்லை. “நீ பிடித்திருக்கும் இடத்தில் தண்ணீர் இருந்திருந்தால், அதைவிட நீ கனமா?” என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்கான சுருக்கப் பெயர்தான் அடர்த்தி. ஒரே அளவு இடத்துக்கு, அதாவது ஒரு கன சென்டிமீட்டருக்கு, எத்தனை கிராம் என்ற கணக்கு. தண்ணீருக்கு இது ஏறக்குறைய 1. பனிக்கட்டிக்கு 0.917, சமையல் எண்ணெய்களுக்கு 0.92 வாக்கில், அலுமினியத்துக்கு 2.7, இரும்புக்கு 7.87, ஈயத்துக்கு 11.3, தங்கத்துக்கு 19.3. எண் 1-க்குக் கீழே இருந்தால் தண்ணீரில் மிதக்கும், மேலே இருந்தால் மூழ்கும். திரவம் மாறினால் எல்லைக்கோடும் மாறும். பாதரசத்தின் அடர்த்தி சுமார் 13.6 என்பதால் அதில் இரும்புக் குண்டு மரக்கட்டை போல மிதக்கும், தங்கம் மட்டும் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எவ்வளவு பங்கு உள்ளே, எவ்வளவு வெளியே என்பதையும் இதே எண் சொல்லிவிடும். அடர்த்தி 0.6 உள்ள மரத்தில் நம் கனச்சதுரத்தைச் செய்தால் அதன் எடை 600 கிராம். 6 செ.மீ. அமிழ்ந்ததுமே 600 கிராம் தண்ணீர் விலகிவிடும், கணக்கு நேராகிவிடும், மீதி 4 செ.மீ. வெளியே நிற்கும். கடலில் மிதக்கும் பனிப்பாறையின் பத்தில் ஒன்பது பங்கு நீருக்குள் மறைந்திருக்கும் என்பார்களே, அதுவும் இதே வகுத்தல்தான். கடல்நீரின் அடர்த்தி 1.025. 0.917-ஐ அதனால் வகுத்தால் 0.89 வரும்.

இனி மகளின் கேள்விக்கு வருகிறேன். ஆணியை நீரில் போட்டால் அது தண்ணீரிடமிருந்து பிடுங்கும் இடம் முழுக்க இரும்பால் நிரம்பியிருக்கிறது. கப்பல் அப்படியில்லை. கப்பலின் அடிப்பகுதி ஒரு பெரிய கிண்ணம். கிண்ணத்தின் சுவர்தான் எஃகு, உள்ளே பெரும்பகுதி காற்று. ஆனால் அந்தக் காற்று இருக்கும் இடத்துக்குள்ளும் தண்ணீர் வர முடியவில்லை. எஃகு, காற்று, எஞ்சின், சரக்கு, ஆட்கள் எல்லாமே சேர்ந்துதான் “பறிபோன இடம்”. ஆகவே பார்க்க வேண்டியது எஃகின் அடர்த்தியை அல்ல. நீர் புகாத எல்லைக்கோட்டுக்குள் இருக்கும் எல்லாவற்றின் எடையையும் கூட்டி, அந்த மொத்த இடத்தால் வகுத்தால் வரும் சராசரி அடர்த்தியைப் பார்க்க வேண்டும். கப்பலுக்கு அது 1-க்கும் கீழே. ஆணிக்கும் கப்பலுக்கும் உலோகம் ஏறக்குறைய ஒன்று, அடர்த்தி வேறு.

இதை வீட்டிலேயே காட்டிவிடலாம். களிமண் உருண்டை மூழ்கும். அதே களிமண்ணை மெல்லத் தட்டிக் கிண்ணமாக்கினால் மிதக்கும். ஒரு கிராம்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கிண்ணத்தின் அடியில் ஊசியால் ஒரு ஓட்டை போடுங்கள். உள்ளே ஏறும் ஒவ்வொரு துளி நீரும் கிண்ணம் பிடித்து வைத்திருந்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. எல்லைக்கோடு சுருங்கிச் சுருங்கி, கடைசியில் வெறும் களிமண்தான் மிஞ்சும், மூழ்கிவிடும். 1912-இல் டைட்டானிக் மூழ்கியதும் இப்படித்தான். பனிப்பாறையில் மோதியதால் கப்பலின் எஃகு கனமாகிவிடவில்லை. காற்று பிடித்திருந்த இடத்தை நீர் பிடித்தது.

எடை குறைந்தால் மிதக்கும் என்று இன்னும் நம்பிக்கொண்டிருப்பவர்களுக்கு நான் எப்போதும் செய்து காட்டுவது இரண்டு. முதலாவது ஆரஞ்சுப் பழம். தோலோடு போட்டால் மிதக்கும். தோலை உரித்துவிட்டுப் போடுங்கள், பெரும்பாலும் மூழ்கிவிடும். எடை குறைந்திருக்கிறது, ஆனால் மூழ்குகிறது! தோலைப் பிய்த்துப் பாருங்கள், உட்புறத்தில் வெள்ளையாகப் பஞ்சு போல இருக்கும். அதில் நிறையக் காற்று. தோல் போனதோடு கொஞ்சம் எடையும் போனது, அதைவிட அதிகமாக இடம் போனது. உள்ளே மிஞ்சியது சர்க்கரை கரைந்த சாறு, அது தண்ணீரைவிட அடர்த்தி.

இரண்டாவது முட்டை. புதிய முட்டை தண்ணீரில் அடியில் படுத்துக்கொள்ளும். நாள் ஆக ஆக ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கும். மிகப் பழையது மிதந்துவிடும். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றின் வழியாக உள்ளே உள்ள ஈரம் ஆவியாகி வெளியேறுகிறது, அந்த இடத்தில் காற்று வந்து உட்காருகிறது. இங்கேயும் எடை குறைந்தது, ஆனால் ஓடு சுருங்கவில்லை, இடம் அப்படியே இருக்கிறது. ஆரஞ்சு எடை குறைந்து மூழ்கியது, முட்டை எடை குறைந்து மிதந்தது. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த குழந்தை, எடையை மட்டும் வைத்து இனிமேல் பதில் எழுதாது. அதே புதிய முட்டை மூழ்கிக் கிடக்கும் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கரைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் முட்டை மெதுவாக அடியிலிருந்து எழும். இப்போது முட்டை மாறவில்லை, தண்ணீர் மாறியிருக்கிறது. சாக்கடலில் மனிதர்கள் படுத்துக்கொண்டே மிதப்பது இதனால்தான். அந்த நீரின் அடர்த்தி சுமார் 1.24.

கடலிலிருந்து ஆற்று முகத்துவாரத்துக்குள் நுழையும் கப்பல் கொஞ்சம் கூடுதலாக அமிழ்வதும் இதனால்தான். நல்ல நீர் லேசானது, அதே எடையைத் தாங்க அதிக நீர் விலக வேண்டும். கப்பல்களின் பக்கவாட்டில் வட்டமும் குறுக்குக் கோடுமாக ஒரு குறி இருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். எந்த நீரில், எந்தப் பருவத்தில், எதுவரை அமிழலாம் என்று அதன் பக்கத்தில் தனித்தனிக் கோடுகள் இருக்கும். அளவுக்கு மீறிச் சரக்கேற்றி மாலுமிகளைச் சாகக் கொடுத்த காலத்தில், பிரிட்டனில் சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் விடாமல் போராடியதால் 1876-இல் அந்தக் குறியைச் சட்டம் கட்டாயமாக்கியது. ஆர்க்கிமிடீஸ் விதியை ஒரு கோடாக வரைந்து உயிர்களைக் காப்பாற்றிய மனிதர் என்று அவரைப் பற்றி நான் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு.

மரம் மிதக்கிறதே, அது ஏன் என்று கேட்டால், மரம் லேசான பொருள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் மரத்தின் செல் சுவர் லேசானதே இல்லை. அதன் அடர்த்தி சுமார் 1.5, அது தண்ணீரில் மூழ்கக்கூடியது. மரத்தை மிதக்க வைப்பது அந்தச் சுவர்களுக்கு இடையே உள்ள நுண்ணிய குழாய்களில் அடைபட்ட காற்று. ஒவ்வொரு மரத்துண்டும் பல கோடிக் குட்டிக் கப்பல்களைச் சேர்த்துக் கட்டிய கட்டு என்றே சொல்லலாம். பால்சா மரத்தில் வெற்றிடம் மிக அதிகம், அதனால் தக்கை போல மிதக்கும். கருங்காலியில் வெற்றிடம் மிகக் குறைவு, அது மூழ்கிவிடும். ஆற்றில் நெடுநாள் ஊறிய கட்டைகள் அடியில் போய்த் தங்கிவிடுவதும், குழாய்களுக்குள் காற்றுக்குப் பதில் நீர் புகுந்துவிட்டதால்தான்.

மீன்கள் வயிற்றுக்குள் உள்ள காற்றுப்பையைப் பெருக்கியும் சுருக்கியும் தங்கள் சராசரி அடர்த்தியை நீருக்குச் சமமாக வைத்துக்கொள்கின்றன. சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. அதற்கு எண்ணெய் நிறைந்த பெரிய கல்லீரல் கொஞ்சம் கைகொடுக்கிறது. நீர்மூழ்கிக் கப்பல் தொட்டிகளில் கடல்நீரை ஏற்றி இறங்குகிறது, அழுத்தக் காற்றால் அதை வெளியே தள்ளி ஏறுகிறது.

மனித உடலைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன், உயிர் சம்பந்தப்பட்டது. நம் உடலின் சராசரி அடர்த்தி தண்ணீருக்கு மிக அருகில் நிற்கிறது. நுரையீரல் நிறைய மூச்சிழுத்தால் பெரும்பாலோர் 1-க்குச் சற்றுக் கீழே, முழுக்க மூச்சை விட்டால் சற்று மேலே. அதாவது ஒரு மூச்சுதான் வித்தியாசம். நல்ல நீரில் மிதக்கும்போது உடலில் மிகச் சிறு பங்குதான் வெளியே நிற்க முடியும். அந்தச் சிறு பங்கு முகமாக இருக்க வேண்டும். தண்ணீரில் தத்தளிப்பவர் பதற்றத்தில் இரண்டு கைகளையும் மேலே தூக்குகிறார். நீருக்கு வெளியே வந்த கைகளுக்கு மிதப்பு விசை கிடையாது, அவற்றின் முழு எடையும் உடலை அழுத்தும், தலை உள்ளே போய்விடும். கைகளை நீருக்குள்ளேயே விரித்து வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, முகம் வானத்தைப் பார்க்க, நெஞ்சு நிறைய மூச்சை வைத்துக்கொண்டு மல்லாந்தால் உதவி வரும்வரை தாக்குப்பிடிக்க வாய்ப்பு கூடும். அடர்த்திப் பாடம் நடத்தும் ஒவ்வொரு வகுப்பிலும் இதைச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பனிக்கட்டி மிதப்பதைத் தினமும் பார்ப்பதால் நமக்கு அது அதிசயமாகவே தோன்றுவதில்லை. பெரும்பாலான பொருள்கள் உறைந்தால் சுருங்கி, தங்கள் திரவத்திலேயே மூழ்கிவிடும். உருகிய மெழுகில் கெட்டி மெழுகுத் துண்டைப் போட்டுப் பாருங்கள், அடியில் போய்விடும். தண்ணீரோ உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்தால் மீண்டும் லேசாகி மேலே வரும். அதனால் குளிர்ப் பிரதேச ஏரிகள் மேலிருந்து உறைகின்றன, பனிப்படலம் ஒரு போர்வை போலக் கிடக்க, அடியில் 4 டிகிரி வாக்கிலுள்ள நீரில் மீன்கள் பிழைத்திருக்கின்றன.

சரி, ஒரு பொருளின் அடர்த்தியை அளப்பது எப்படி? கிரீடத்தில் தங்கத்தோடு வெள்ளி கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க, ஆர்க்கிமிடீஸ் அதைத் தண்ணீரில் போட்டு நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்தது என்று பார்த்தார் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அதை எழுதி வைத்தவர், அவருக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு பிந்தி வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ். கணக்குப் போட்டால் அந்த முறை சிரமம் என்று தெரியும். ஒரு கிலோ சுத்தத் தங்கம் பிடிக்கும் இடம் 52 கன செ.மீ. அதில் 300 கிராமை எடுத்துவிட்டு வெள்ளியைச் சேர்த்தால் 65 ஆகும். வித்தியாசம் 13 கன செ.மீ. 20 செ.மீ. அகலமுள்ள பாத்திரத்தில் இது நீர்மட்டத்தை அரை மில்லிமீட்டர்கூட உயர்த்தாது. 1586-இல், 22 வயது கலிலியோ இதைவிட நல்ல வழியை எழுதினார்: பொருளைத் தராசில் தொங்கவிட்டு, காற்றில் ஒரு முறையும் நீருக்குள் ஒரு முறையும் எடை பார்ப்பது. அந்த 13 கன செ.மீ. வித்தியாசம் தராசில் 13 கிராமாகத் தெரியும். அதைத் தவறவிடவே முடியாது.

இதை உங்கள் வீட்டு டிஜிட்டல் தராசிலேயே செய்யலாம். முதலில் ஒரு எஃகு ஸ்பூனை எடை போடுங்கள், 40 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு பாதி நீர் உள்ள டம்ளரைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். ஸ்பூனை நூலில் கட்டி, அடியையும் பக்கங்களையும் தொடாமல் முழுக்க நீருக்குள் தொங்கவிட்டுக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். தராசு 5 கிராம் வாக்கில் காட்டும். ஸ்பூன் உங்கள் கையில்தான் தொங்குகிறது, பிறகு அந்த 5 கிராம் எங்கிருந்து வந்தது? நீர் ஸ்பூனை மேலே தள்ளுகிறது, ஸ்பூன் நீரை அதே விசையோடு கீழே தள்ளுகிறது. அதுதான் மிதப்பு விசை, எண்ணாகவே கண் முன்னால். அது 5 கிராம் நீரின் எடை என்றால் ஸ்பூன் பிடித்த இடம் 5 கன செ.மீ. 40-ஐ 5-ஆல் வகுங்கள், 8. எஃகின் அடர்த்தி கிடைத்துவிட்டது.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் யாராவது மகளைக் குழப்பிவிடுவார்கள். தையல் ஊசியைப் பதமாகப் படுக்க வைத்தால் தண்ணீரின் மேல் நிற்கும். அது மிதப்பே அல்ல, நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் போல அதைத் தாங்குகிறது. பரப்பு இழுவிசை என்பது இதன் பெயர். ஒரு சொட்டு சோப்பு நீர் விட்டால் தோல் தளர்ந்து ஊசி மூழ்கிவிடும். சின்னச் சின்ன பொருள்களுக்குத்தான் இது செல்லும்.

மகளுக்கு விளங்கிவிட்டதா என்று பார்க்க இந்தப் புதிரைக் கொடுங்கள். சிறு தொட்டியில் ஒரு படகு மிதக்கிறது, படகுக்குள் ஒரு இரும்புக் குண்டு. குண்டை எடுத்துத் தொட்டி நீரில் போட்டுவிட்டால் தொட்டியின் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா? பெரியவர்களிலும் பலர் ஏறும் என்றுதான் சொல்வார்கள். குண்டு 7.87 கிலோ என்றால், படகில் இருந்தவரை அது தன் எடைக்குச் சமமாக 7.87 லிட்டர் நீரை விலக்கிக்கொண்டிருந்தது. அடியில் கிடக்கும்போது தன் உருவத்துக்குச் சமமாக ஒரே ஒரு லிட்டரைத்தான் விலக்குகிறது. மட்டம் இறங்கும். நம்பாவிட்டால் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் கிண்ணத்தை மிதக்கவிட்டு, அதற்குள் கனமான இரும்பு நட்டு ஒன்றை வைத்து, நீர்மட்டத்தில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு, நட்டை எடுத்து நீரில் போடச் சொல்லுங்கள்.